மைசூர்ப் பல்கலைக் கழகமும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றி நான் பேசவேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இரயில்வேயில் எழுத்தராக இருந்து, பயணச் சீட்டுக் கொடுப்பதும் கணக்கெழுதுவதுமே என் தொழில். பல்கலைக் கழகத்தின் வாயிற்படியை மாணவனாக ஒரு நாளும் மிதித்தவனல்லன். ஆனால் நம் செயலாளர் விடவில்லை. “உள்ளே போய் வந்தவர்கள் பலர் பேசிவிட்டார்கள், வெளியே நின்று பார்த்தவர் ஒருவர் இந்த ஆண்டு பேசட்டுமே” என்றார். அதற்குமேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே இன்று, மைசூர்ப் பல்கலைக் கழகத்தின்மீது நம் குடும்பங்கள் வைத்திருக்கும் பற்றினைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பற்று நமக்குச் செய்த நன்மையையும் சொல்வேன். அதே பற்றினால் நான் செய்யவிருந்த ஒரு பெரும் பிழையையும் மறைக்காமற் சொல்வேன்.

எங்கள் பாட்டனாரை, எங்கள் வழக்கில் அப்பாரு என்போம். அவர் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி இந்தப் பக்கம் பிழைக்க வந்தவர். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினார். பிறகு தராசு பிடித்தார். எழுதப் படிக்கத் தெரியாத காரணத்தால் கணக்குப் புத்தகம் மட்டும் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை. மண்டி வேலையாக மைசூருக்குப் போகும்போதெல்லாம் மகன்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவாராம். வேலை முடிந்ததும் குக்கரஹள்ளி ஏரிப் பக்கமாக நடத்திச் சென்று, கிராபோர்டு மண்டபத்தைத் தூரத்திலிருந்து காட்டி, “இதுதான் சர்வகலாசாலை, நன்றாகப் பார்த்துக்கொள்” என்பாராம். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆயினும் அன்று முதல் எங்கள் வீட்டில் ‘மைசூருக்குப் போகிறான்’ என்றால் படிக்கப் போகிறான் என்றுதான் பொருள்.

1969-ஆம் ஆண்டு மைசூர்ப் பல்கலைக் கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை பார்த்துவந்த என் பெரியப்பா, சில ஆண்டுகள் சென்று அதில் சேர்ந்தார். பாடங்கள் தபாலில் வரும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பார். ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினார். பட்டச் சான்றிதழ் வந்த அன்று அப்பாரு அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரால் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்று: முத்திரையிலிருந்த கண்டபேரண்டம். அரசுப் பேருந்தில் அன்றாடம் காணும் அந்த இருதலைப் பறவை தம் வீட்டுக் காகிதத்தின்மேல் வந்து அமர்ந்திருக்கிறதே என்று வியந்து, அதை விரலால் தொட்டுப் பார்த்தாராம். பெரியப்பா அங்கி அணிந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் எங்கள் கூடத்தில் முருகன் படத்துக்கு அடுத்தாற்போல் தொங்குகிறது.

பின்னர் என் அக்காள் மைசூரில் படித்தாள். விடியற்காலை முதற் பேருந்தில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். போக 60 கிலோமீட்டர், வர 60 கிலோமீட்டர். அவள் பட்டம் பெற்று ஆசிரியையானாள். அடுத்து நான் போகவேண்டிய முறை. அந்தச் சமயத்தில் தகப்பனார் நோயில் விழுந்தார். நான் பள்ளியோடு நின்றேன். இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானேன். நம் ஊரில் இரயில் நிலையம் இல்லை. ஆகவே வேறு ஊரில் வேலை. என் சன்னலுக்கு வெளியே மாணவ மாணவியர் சீசன் டிக்கட்டுக்கு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கையில் புத்தகத்தைக் காணும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஏக்கம் எழும். ஆயினும் பொறாமை எழுந்ததில்லை. ‘நம் சர்வகலாசாலைப் பிள்ளைகள்’ என்றே தோன்றும்.

இஃது என் வீட்டுக் கதை மட்டுமன்று. இங்கே அமர்ந்திருக்கும் பல குடும்பங்களின் கதை இதுவேயாகும். நம் காலனியில் திருமணப் பத்திரிகை அச்சிட்டால், பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டு, அடைப்புக் குறிக்குள் ‘மைசூர்’ என்று சேர்ப்பது வழக்கம். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று தலைமுறை உழைத்த வீடுகள் இங்கே உண்டு.

அப்படியானால், இந்தப் பற்று எங்கிருந்து வந்தது? சற்றே வரலாற்றைப் பார்ப்போம்.

1916-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் மைசூர்ப் பல்கலைக் கழகம் தோன்றியது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர், சர் எம். விசுவேசுவரய்யா திவான். பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதற் பல்கலைக் கழகம் இதுவே. மைசூரிலிருந்த மகாராஜா கல்லூரியும் பெங்களூரிலிருந்த சென்ட்ரல் கல்லூரியும் அதன் இரு தூண்களாயின. அதற்கு முன்பு இந்தச் சீமைப் பிள்ளைகள் இங்கே படித்தாலும், பட்டம் பெற்றது 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக் கழகத்தில்தான். விசுவேசுவரய்யா அவர்களே சென்ட்ரல் கல்லூரியில் படித்து, 1881-இல் சென்னையின் பி.ஏ. பட்டம் பெற்றவர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி மறுபடியும் சொல்வேன்.

தமிழராகிய நமக்கும் அந்தப் பல்கலைக் கழகத்துக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. மைசூரில் 1891-இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகம் பிற்பாடு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. அந்த நூலகத்துக்குத் தஞ்சைச் சீமைப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச் சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அது கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம் என்பதை நூலகத்திலிருந்த சாம சாஸ்திரியார் 1905-இல் கண்டறிந்து, 1909-இல் அச்சிட்டு வெளியிட்டார். பெயர் மட்டும் வழங்கி நூல் கிடைக்காமலிருந்த ஒரு பெருஞ் செல்வம் அப்படி உலகுக்குக் கிட்டியது. தஞ்சாவூரில் இருந்த சுவடிக்கு மைசூரில் வாழ்வு வந்தது.

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் 1918 முதல் 1921 வரை மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் பூவால் அலங்கரித்த வண்டியில் அவரை ஏற்றி, குதிரைகளுக்குப் பதிலாகத் தாங்களே அதை இழுத்துக்கொண்டு மைசூர் இரயில் நிலையம் வரையில் சென்றனர். எத்தனையோ பெரியவர்களை ஏற்றி அனுப்பியிருக்கும் அந்த நிலையத்துக்கு, ஓர் ஆசிரியரை மாணவர்கள் இப்படி அழைத்துவந்த நாளே பெரிய நாள் என்பது இரயில்வேக்காரனாகிய என் எண்ணம்.

சென்னையிற் பிறந்த ஆர். கே. நாராயண் அவர்களின் தகப்பனார் மைசூரில் தலைமையாசிரியராக இருந்தார். மகனோ கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று ஓராண்டு வீட்டிலிருந்தார். பின்னர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து 1930-இல் பட்டம் பெற்றார். அவருடைய தம்பி லட்சுமணுக்குப் பம்பாய் ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவரையும் ஏற்றுக்கொண்டது மைசூர்தான். ஒருவர் உலகறிந்த நாவலாசிரியரானார். மற்றவர் நாடறிந்த கேலிச் சித்திரக்காரரானார். தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டில் இருந்தால் தலையில் கை வைத்துக்கொள்ளும் பெற்றோர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன்.

இன்னொரு குடும்பம். மைசூரில் கணிதப் பேராசிரியராயிருந்த ஒருவரின் மகன் ஏ. கே. இராமாநுசன் 1929-இல் பிறந்தார். அவர்கள் வீட்டு மாடியில் தகப்பனாரோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் தாயாரோடு தமிழ், தெருவில் கன்னடம் என மூன்று மொழிகளும் வழங்கினவாம். நம் வீடுகளில் மாடி இல்லாதிருக்கலாம். ஆனால் உள்ளே தமிழும் வெளியே கன்னடமும் நமக்கும் உண்டு. அவர் மைசூரில் 1949-இல் பி.ஏ. பட்டமும் அடுத்த ஆண்டு எம்.ஏ. பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் அமெரிக்காவிலே சிக்காகோப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்து, குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கி 1967-இல் வெளியிட்டார். கன்னட வசனங்களையும் 1973-இல் அவ்வாறே ஆங்கிலத்தில் தந்தார். கன்னட நாட்டில் வாழ்வதால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு, அவருடைய வாழ்வே விடையாகும்.

பெரியவர்களின் பெயர்களைச் சொன்னேன். ஆனால் எங்கள் அப்பாரு இவர்களில் எவரையும் அறியார். அவரைப் போன்ற எழுத்தறியாதவர்க்கு ஒரு பல்கலைக் கழகத்தின்மீது ஏன் இத்தனை பற்று? இதற்கு விடை, மைசூர்ப் பல்கலைக் கழகத்தை நிறுவியவர்களின் எண்ணத்திலேயே இருக்கிறது.

பல்கலைக் கழகம் தொடங்குமுன் சி. ஆர். ரெட்டி, தாமஸ் டென்ஹாம் என்னும் இரு கல்வியாளர்கள் வெளிநாட்டுக் கல்வி முறைகளை ஆராய்ந்து வந்தார்கள். ஆராய்ச்சிக்குச் சிக்காகோவையும், மாணவரைப் பொதுவாழ்வுக்கு ஆயத்தப்படுத்துவதற்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றையும், அறிவை மக்களிடம் கொண்டுசேர்ப்பதற்கு விஸ்கான்சினையும் முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

இந்த விஸ்கான்சின் பல்கலைக் கழகம் 1848-இல் தோன்றிய ஒரு மாநிலப் பல்கலைக் கழகம். பல்கலைக் கழகத்தின் எல்லை அதன் மதிற்சுவர் அன்று, மாநிலத்தின் எல்லையே என்பது அவர்கள் கொள்கை. அங்கே பாப்காக் என்னும் பேராசிரியர் 1890-இல், பாலில் எவ்வளவு கொழுப்புச் சத்து இருக்கிறது என்று அளக்க எளிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். தண்ணீர் கலந்தவனுக்கும் நல்ல பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை என்றிருந்த அநியாயம் அதனால் குறைந்தது. நம் ஊர்ப் பால் சங்கத்தில் இன்று கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை போடுகிறார்களே, அதன் வேர் அங்கேதான். அந்த நாட்டில் மாநிலப் பல்கலைக் கழகத்தின் பந்தாட்டம் நடக்கும் நாளில் தாத்தாவும் மகனும் பேத்தியும் பல்கலைக் கழக வண்ணத்தில் உடையணிந்து போவார்கள். அங்கே படிக்காதவர்களும் அவ்வாறே போவார்கள். பாட்டன் ஊற்றிய பாலுக்கு நியாய விலை கிடைக்கச் செய்தது எதுவோ அதன்மீது பேரனுக்குப் பற்று வருவதில் வியப்பென்ன?

மைசூரும் அந்த வழியிலே நடந்தது. பேராசிரியர்கள் சிற்றூர்களுக்குச் சென்று மக்கள் மொழியாகிய கன்னடத்தில் சொற்பொழிவாற்றினார்கள். அவை சிறு நூல்களாக அச்சாகிக் குறைந்த விலையில் கிடைத்தன. பிற்பாடு தபாலிலே பாடம் வந்தது. எங்கள் பெரியப்பாவின் வீட்டு வாசலுக்குப் பல்கலைக் கழகமே நடந்துவந்தது என்றுதான் சொல்லவேண்டும். நம்மைத் தேடி வந்ததனால்தான் நமக்கு அதன்மீது பற்று வந்தது.

அன்பர்களே! இனி நான் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

2023-ஆம் ஆண்டு என் மகள் பி.யு.சி. தேறினாள். நல்ல மதிப்பெண். நம் ஊர் அரசுக் கல்லூரியில் பி.காம். சேர விரும்பினாள். அந்தச் சமயத்தில்தான் சாமராஜநகர் பல்கலைக் கழகம் புதிதாகத் தொடங்கியது. நம் மாவட்டத்துக் கல்லூரிகளிற் புதிதாகச் சேர்வோர் இனி அதன் மாணவர்கள் என்றார்கள். செய்தி வீட்டுக்கு வந்ததும் என் தாயார் திகைத்துப் போனார். “ஏம்ப்பா, அப்படியென்றால் இவள் பெயருக்குப் பின்னால் மைசூர் என்று போட முடியாதா?” என்றார். முடியாது என்றேன். “அது என்ன பட்டம்?” என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று தலைமுறையாகப் போற்றிய பெயர் என் மகளோடு அறுந்துபோவதா என்று மனம் ஒப்பவில்லை. அவளை அழைத்து, “கண்ணு, ஓராண்டு வீட்டில் இரு. அடுத்த ஆண்டு மைசூரிலேயே விடுதி பார்த்துச் சேர்த்துவிடுகிறேன்” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டாள். விடுதிச் செலவுக்கு அடுத்த ஆண்டும் என்னிடம் பணம் இராது என்பது எனக்குத் தெரியும். ஓராண்டு வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்பதும் தெரியும். அந்த மாதமே ஒரு வரன் வந்தது. நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ நின்றது காசில்லாமல். இவளை எதற்காக நிறுத்துகிறாய்? அடைப்புக் குறிக்குள் இருக்கிற ஒரு சொல்லுக்காகவா?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அன்று இரவு கூடத்தில் பெரியப்பாவின் படத்துக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாரு தம் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தைக் காட்டியது, மண்டபத்தை வணங்குவதற்காகவா, உள்ளே போவதற்காகவா? உள்ளே போகவேண்டிய பெண்ணை மண்டபத்தின் பெயராலேயே வெளியில் நிறுத்துகிறேனே என்று எண்ணியபோது எனக்கு வெட்கமாயிருந்தது. மறுநாள் விடுப்பு எடுத்து, அவளோடு கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். வந்த வரனுக்கும் இல்லையென்று சொல்லியனுப்பினேன்.

இப்போது, முன்னே நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தச் செய்திக்கு வருகிறேன். மைசூருக்கென ஒரு பல்கலைக் கழகம் வேண்டும் என்று பாடுபட்ட விசுவேசுவரய்யா சென்னையின் பட்டதாரி. 1916-இல் மைசூரும் புதிய பெயர்தானே? சென்னைப் பட்டத்தைப் பெருமையாகக் கொண்ட ஒரு தகப்பன், ‘மைசூர்ப் பட்டமா?’ என்று தன் மகனை அன்று நிறுத்தி வைத்திருந்தால், இன்று நாம் போற்றும் இந்தப் பெயர் எப்படி வளர்ந்திருக்கும்?

அன்றிலிருந்து பிரிவுகள் எத்தனையோ நடந்தன. 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக் கழகம் பிரிந்தது. தூண்களில் ஒன்றாயிருந்த சென்ட்ரல் கல்லூரியே அதனோடு போயிற்று. 1980-இல் மங்களூர் பிரிந்தது. 1987-இல் சிவமொக்கப் பக்கம் குவெம்பு பல்கலைக் கழகம் தோன்றியது. பெரியப்பாவுக்குத் தபாலிற் பாடம் அனுப்பிய பகுதிகூட 1996-இல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக் கழகமாகத் தனியே போயிற்று. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதால் தாய் சிறுத்துவிடவில்லை. பெங்களூர்ப் பட்டத்தையும் மங்களூர்ப் பட்டத்தையும் இன்று எவரும் குறைத்துப் பேசுவதில்லை.

குவெம்பு என்றேன். மகாராஜா கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1956 முதல் 1960 வரை பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராயிருந்த கவிஞர் கே. வி. புட்டப்பா அவர்களே அவர். பல்கலைக் கழக வளாகத்துக்கு மானச கங்கோத்ரி என்று பெயரிட்டவரும் அவரே. கங்கோத்ரி என்பது கங்கை பிறக்கும் இடம். அந்தப் பெயரைச் சூட்டியவர் மனத்தில், நீர் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்திராது. கீழே இறங்கி ஊர் ஊராகப் பாய்ந்தால்தானே அது கங்கை? சாமராஜநகரில் இருக்கும் வளாகமும் முன்பு மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் முதுநிலைப் படிப்பு மையமாக இருந்ததுதான். அதே நீர் நமக்கு இன்னும் அருகில் வந்திருக்கிறது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். புதிய பல்கலைக் கழகம் என்றால் எல்லாம் நிறைந்திருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கட்டடமும் ஆசிரியரும் நூலும் பெருகக் காலமும் பணமும் வேண்டும். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், புதிய பல்கலைக் கழகங்கள் சிலவற்றை மூடிப் பழையவற்றோடு சேர்த்துவிடுவது பற்றி அரசு ஆலோசிப்பதாகச் செய்தி வந்தது. சாமராஜநகரின் பெயரும் அதில் அடிபட்டது. என் மகள் செய்தியைப் படித்துக் காட்டியதும் என் தாயாருக்கு மகிழ்ச்சி. “பார்த்தாயா கண்ணு! மறுபடி மைசூரோடு சேர்த்துவிடுவார்கள்” என்றார். அவளோ, “பேர் மைசூர் என்று ஆகட்டும் பாட்டி, எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் நான் எம்.காம். படிக்கச் சாமராஜநகரில் வகுப்பு இருக்குமா? சாமராஜநகர் என்றால் அப்பா விடுவார். மைசூர் என்றால் ஒரு வருஷம் பொறு என்பார்” என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரிலிருந்து சாமராஜநகர் சுமார் 35 கிலோமீட்டர். மைசூர் 60 கிலோமீட்டர். நமக்கு அஃது இருபத்தைந்து கிலோமீட்டர் வேற்றுமை. ஒரு பெண்ணுக்கோ, படிப்பதற்கும் படிக்காமல் நிற்பதற்கும் உள்ள வேற்றுமை. பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். வகுப்பு மூடாதிருக்க வேண்டும். நம் பற்று எதன்மீது இருக்கவேண்டும் என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் கற்பித்தாள்.

பெரியோர்களே! மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் மீதுள்ள அன்பை விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. அந்த அன்பு என் உயிருள்ளவரை போகாது. அதை எவ்வாறு காட்டுவது என்பதே என் கேள்வி. புகைப்படத்துக்கு மாலை போட்டுக் காட்டலாம். நம்மைப் போன்றோர்க்கு அது வாயில் திறந்தது போல், நாமும் பிறர்க்கு வாயில் திறந்து காட்டலாம். இரண்டாவதே சிறந்த நன்றி என்பது என் கருத்து. ஆகவே இந்த அவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பட்டத்தில் எந்த ஊரின் பெயர் இருக்கிறது என்ற காரணத்துக்காக நம் காலனியில் எந்தப் பெண்ணும் ஓராண்டுகூட வீட்டில் நிறுத்தப்படக் கூடாது. வரன் வந்தால், படிப்பு முடியட்டும் என்று சொல்லும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர்க்கு, என் அக்காளை அனுப்பி வைக்கிறேன்.

இரண்டாவது, நம்மிடையே உள்ள பட்டதாரிகள் சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் இந்தச் சங்கக் கூடத்தில் அமர வேண்டும். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், பேருந்துச் சலுகைச் சீட்டு ஆகியவற்றுக்கு எந்தக் காகிதம் வேண்டும், எந்தத் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பது தெரியாமலே பல பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். இப்போது எல்லாம் கணினி வழியாகக் கேட்கிறார்கள். மூட்டை தூக்கும் தகப்பனுக்கு அது புரியாது. எழுதி நிரப்பும் வேலை எனக்குப் பழக்கமானது. முதல் ஆளாக நான் வருகிறேன்.

மூன்றாவது, நம் வீட்டுப் பரண்களில் தூங்கும் பாடநூல்களையும் அகராதிகளையும் கொண்டுவந்து இங்கே ஓர் அலமாரியில் வைப்போம். தமிழ் நூல் இருக்கட்டும். கன்னட நூலும் ஆங்கில நூலும் கூடவே இருக்கட்டும். நமக்கு வாழ்வு தந்த நாட்டின் மொழியில் நம் பிள்ளைகள் பிழையற எழுதவேண்டும். தாய்மொழியை மறக்கவும் கூடாது. மைசூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை இரண்டையும் செய்து காட்டியிருக்கிறார் என்பதை முன்பே சொன்னேன்.

என் மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் கூடத்துச் சுவரில் பெரியப்பாவின் படமும் அக்காளின் படமும் பக்கத்திற் பக்கத்தில் இருக்கின்றன. சென்ற சரஸ்வதி பூசையன்று அந்தச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்த என் தாயார், “இங்கே இன்னோர் ஆணி அடித்து வைப்பா” என்றார். எந்தப் பல்கலைக் கழகத்தின் அங்கி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆணி அடித்தாகிவிட்டது.